வேகமாக என்று யார் சொன்னது?

ஏழுமலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, நான் எழுதிய அறிக்கையின் மேல் விரலை வைத்தார். கிரீஸ் படிந்த விரல். அதை எடுத்தபோது தாளில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. வட்டத்துக்குள் ஒரே ஒரு சொல் இருந்தது: 'வேகமாக.'

"இத்த யாரு சொன்னது மேடம்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அந்த வித்தை எனக்கு நன்றாகவே வரும். டோல்கேட் பக்கம் எங்கள் தெருவில் நடந்த தண்ணி லாரிச் சண்டையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஏழுமலையோ, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறவர் மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிட்டு நின்றார். பதில் சொல்லாமல் தீராது.

யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்டுக்கொண்டது.

அந்த ஒரு சொல்லால் அவர் கிரேனிலிருந்து இறக்கப்பட்டிருந்தார். பல வருஷம் கீழே சங்கிலி மாட்டுகிற ஆளாக நின்று, கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, ஆபரேட்டர் அட்டை வாங்கி மேலே ஏறியவர். மூன்று நாளாக அந்த அட்டை மேலாளரின் இழுப்பறையில் கிடந்தது. ஏழுமலை பழையபடி கீழே உட்கார்ந்து சங்கிலிகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். விசாரணையில் 'வேகமாக' நிலைத்துவிட்டால் அட்டை திரும்பி வராது.

தமிழ் படித்தவள் கையில் படிவம்

எண்ணூர் போகிற சாலையோரம், கன்டெய்னர்கள் அடுக்கி வைக்கும் ஒரு யார்டு. அங்கே எனக்குப் பாதுகாப்புப் பதிவேடு எழுதுகிற வேலை. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று என் மாமியார் உட்படப் பலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை, இது கிடைத்தது, வீட்டிலிருந்து ஒரே பஸ். அவ்வளவுதான் கதை.

காலையில் கடல் காற்றில் மீன் வாசனை வரும். பதினோரு மணிக்கு டீசல். காற்று திசை மாறி மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைப்போம். அந்த வாசனைகளோடு உட்கார்ந்து நான் விபத்து அறிக்கைகள் எழுதினேன். தொழிலாளிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அறிக்கை முதலில் தமிழில்தான் எழுதப்படும்.

படிவத்தில் கட்டங்கள் இருக்கும். யார், எந்தப் பொருள், எந்த இடம், என்ன நடந்தது. கடைசியில் 'எப்படி' என்று ஒரு பெரிய கட்டம். முதல் மூன்றும் பெயர்ச்சொற்களின் வீடு. நான்காவது வினைச்சொல்லுக்கு. 'எப்படி' மட்டும் என்னுடைய சொந்த நிலம் என்று நினைத்துக்கொண்டு, அதில் வினையடைகளைத் தாராளமாகப் பயிரிட்டேன். பலகை 'திடீரென' விழும். லாரி 'அலட்சியமாக' நிற்கும். ஒருமுறை, 'பூனை ஒன்று மின்சாரப் பெட்டிக்குள் அமைதியாகக் குட்டி போட்டிருந்தது' என்று எழுதினேன்.

எங்கள் மேலாளர் ஜெபராஜ் சார் நாசரேத் பக்கத்துக்காரர். மணலி புதுநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எதையும் மூன்று முறை படிப்பார். பூனை அறிக்கையையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அமைதியாத்தான் போட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கத்திக்கிட்டே போட்டிருந்தா?" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும்.

கம்முனு ஒரு இலக்கணம்

வினையடையில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சே ஒரு காரணமாக இருக்கலாம். வடசென்னையில் யாரும் சும்மா வரமாட்டார்கள். 'டக்குனு' வருவார்கள், 'ஜல்தியா' வருவார்கள், 'ஷோக்கா' வந்து நிற்பார்கள். 'கம்முனு கெட' என்பதை நல்ல தமிழில் 'அமைதியாக இரு' என்று மாற்றிப் பாருங்கள். கேட்கிறவன் இரண்டு நிமிஷம் கூட அடங்கமாட்டான்.

கல்லூரியில் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, கடைசியில் 'ஆக' வந்தால் வினையடை, 'ஆன' வந்தால் பெயரடை என்று ஒரு குறுக்குவழி கொடுத்தார்கள். அழகான வீடு, அழகாகக் கட்டினான். பரீட்சைக்கு அது போதும். யார்டுக்குப் போதாது. 'ஏழுமலை ஆபரேட்டராக இருந்தார்' என்பதிலும் கடைசியில் 'ஆக' உண்டு. அது அவர் யார் என்று சொல்கிறது, எப்படி இருந்தார் என்று சொல்லவில்லை. 'கம்முனு' என்பதில் 'ஆக' கிடையாது. ஆனாலும் அது அசல் வினையடை. வாலைப் பார்த்து அடையாளம் காண முடியாது, என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது இந்த விவகாரத்தில்தான். 'பெரிய பெட்டி' என்று நான் எழுதினால், சந்தேகம் உள்ளவர் யார்டுக்குப் போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கும் அது பெரிதாகத்தான் இருக்கும். பெயரடை, பொருளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். 'வேகமாக இறக்கினார்' என்றால் போய்ப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. இறக்கி முடிந்துவிட்டது. செயலோடு சேர்ந்து அந்த வேகமும் போய்விட்டது. அந்த நேரத்தில் அங்கே கண்ணைத் திறந்துகொண்டு நின்றவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. நான் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று நடந்தது

அது ஆயுத பூஜை நாள். அந்த வருஷம் பூஜை ஏற்பாட்டை முதல் முறையாக என்னிடம் விட்டிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிரேனுக்கு மாலை, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம், சந்தனம் குங்குமம், வாசலில் உடைக்கப் பூசணிக்காய். ஜெபராஜ் சார் கிறிஸ்தவர். ஆனாலும் பூசணிக்காய் வாங்க என்னோடு மார்க்கெட்டுக்கு வந்து, நான்கைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

பூஜை முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தபோது ஒரு டிரெய்லர் வந்து நின்றது. ஏதோ ஆலைக்குப் போக வேண்டிய பம்பு. யார்டில் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. ஒரே ஒரு பெட்டிதான், ஏற்றிவிட்டுப் போய்விடலாம் என்றார்கள். டிரெய்லர் கன்டெய்னர் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றதால், கிரேனில் உட்கார்ந்திருந்த ஏழுமலைக்கு அது தெரியாது. இப்படி மறைவாக இறக்கும்போது வரிசையின் முனையில் சிக்னல்காரர் நிற்பார். ஆபரேட்டர் பெட்டியைப் பார்க்கமாட்டார், சிக்னல்காரரின் கையை மட்டும் பார்ப்பார். அன்றைக்கு நின்றது வியாசர்பாடி பாபு. ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆடுகிறவர், நல்ல சுறுசுறுப்பு.

நான் தாம்பாளத்தில் பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை கலந்த பொட்டலங்களை எடுத்துக்கொண்டு யார்டு முழுக்கச் சுற்றினேன். வாட்ச்மேன், டீ கொண்டுவருகிறவர், டிரெய்லர் டிரைவர், வரிசை முனையில் பாபு, ஒருவரையும் விடவில்லை. திரும்பி நடந்து நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் தடாலென்று பெரிய சத்தம். பெட்டி டிரெய்லர் மேல் இடித்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பலகை பிளந்து, பம்பின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை.

அறிக்கை எழுத ஏழுமலையைக் கூப்பிட்டேன். "பொட்டிய எறக்கனேன் மேடம், இட்ச்சிகிச்சி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'ஆபரேட்டர் பெட்டியை இறக்கினார், பெட்டி இடித்தது' என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. 'வேகமாக இறக்கியதால்' என்று வாக்கியத்தை அழகுபடுத்தினேன். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. தலைமை அலுவலகம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது.

அப்படித்தான் அவர் விரலில் கிரீஸோடு என் முன்னால் வந்து நின்றார்.

"நான் எறக்கனது நெஜம். வேகமான்னு சொல்ல நீ எங்க நின்னுகினு இருந்த?" என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. திருத்தித் தருகிறேன், யார் மேல் தப்பு என்று சொல்லுங்கள், அதையும் எழுதுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வேற யாரு பேரும் வாணாம் மேடம். அந்த ஒரு வார்த்தைய மட்டும் எட்த்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யார் பேர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கை

ஜெபராஜ் சாரிடம் போய், அந்தச் சொல் என் சொந்தச் சரக்கு என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுப்பிய அறிக்கையைச் சும்மா திரும்ப வாங்க முடியாது, விசாரணையில் வேறு காரணம் தெரிந்தால்தான் உண்டு என்றார். வெள்ளிக்கிழமை விசாரணை. பூனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அன்று மத்தியானம் முதல் முறையாக நான் யார்டில் போய் நின்று, ஒரு பெட்டி இறங்குவதை முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறொரு சிக்னல்காரர் நின்றிருந்தார். வலது கையைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டிச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினார். கயிறு இறங்கியது. பெட்டி தரைக்கு ஆளுயரத்தில் வந்ததும் இடது கையைக் கொண்டுவந்து, சுற்றுகிற கைக்கு முன்னால் அசையாமல் பிடித்தார். அவ்வளவுதான். கயிறு எறும்பு ஊர்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

அந்த இடது கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மெதுவாக என்று அர்த்தமாம். வெறும் இடது கையை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒண்ணும் ஆவாது மேடம். எறக்கறதா ஏத்தறதான்னு இந்தக் கை சொல்லணும். அது சொன்னாதான் இந்தக் கைக்கு வேல" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வலது கை வினை, இடது கை வினையடை. வினை தனியாக நிற்கும், வினையடை ஒரு வினையைப் பற்றிக்கொண்டுதான் நிற்க முடியும். எம்.ஏ.வில் இரண்டு வருஷம் படித்ததை அந்த மனிதர் இரண்டு கையில் காட்டிவிட்டார். சந்தோஷத்தில் அவருக்கு ஒரு டீ சொன்னேன். விசாரணை நினைவுக்கு வந்ததும் எனக்கு டீ இறங்கவில்லை.

நடித்துக் காட்டியது

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஜெபராஜ் சார் எல்லோரையும் யார்டுக்கு அழைத்துப் போனார். அன்று நின்ற இடத்திலேயே நின்று, செய்ததை அப்படியே செய்து காட்டும்படி பாபுவிடம் சொன்னார். குறிப்பு எடுக்க நான் பக்கத்தில் நின்றேன்.

பாபு வரிசை முனையில் போய் நின்றார். வலது கையைத் தாழ்த்தி விரலைச் சுற்றினார். பெட்டி டிரெய்லருக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய நேரம் ஆயிற்று. இடது கை முன்னால் வரவில்லை. நெஞ்சோடு ஒட்டி, மடங்கி, விரல்கள் எதையோ பிடித்த மாதிரி அரைக் குழியாக நின்றது.

வந்தவர்களில் ஒருவர், இடது கையில் அன்று என்ன இருந்தது என்று கேட்டார். பாபு தரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். கொஞ்சம் தள்ளி நின்ற ஏழுமலையும் தரையைப் பார்த்தார்.

எனக்கு அந்தக் குழியின் அளவு தெரியும். பூஜையன்று காலையில் உட்கார்ந்து அத்தனை பொட்டலத்தையும் மடித்தவள் நான்தானே.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பிரசாதத்தை யாரும் இடது கையில் வாங்கமாட்டார்கள். பாபு சுற்றிக்கொண்டிருந்த வலது கையை நிறுத்தி வாங்கி, இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மறுபடி வலது கையைச் சுற்ற ஆரம்பித்தார். கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டார். எல்லோரும் ஷூ காலோடு நடக்கிற தரையில் சாமி பொரியை எப்படி வைப்பார்? சட்டைப் பையில் போட அது வாய் திறந்த காகிதப் பொட்டலம். கையிலேயே வைத்திருந்தார். 'இறக்கு' என்று சொல்ல ஒரு கை இருந்தது. 'மெதுவாக' என்று சொல்லக் கை இல்லை. ஏழுமலை சொன்னதைச் செய்தார்.

அவர்கள் இருவருக்கும் இது முதல் நாளிலிருந்தே தெரியும். பொட்டலத்தைச் சொன்னால் கொடுத்தவள் பேர் வரும். வேறு யாரு பேரும் வேண்டாம் என்று ஏழுமலை சொன்னது என்னைத்தான். அட்டை போனாலும் பரவாயில்லை என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார், நானோ அவரைப் பற்றி 'வேகமாக' என்று எழுதியிருக்கிறேன்.

குறிப்பு நோட்டை மூடிவிட்டு, "பொரி சார். நான்தான் கொடுத்தேன்" என்றேன்.

பாபு உடனே, பொரியை வாங்கினது தன் தப்பு, முதலில் பெட்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். ஏழுமலை, சிக்னல் சரியில்லை என்று தோன்றியபோதே தான் நிறுத்தியிருக்கலாம் என்றார். ஆளுக்கு ஆள் தப்பை இழுத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் இப்படி ஒரு விசாரணையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபராஜ் சார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முடிவு அங்கேயே சொல்லிவிட்டார்கள். சிக்னல் கொடுக்கிறவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது, சாமி பிரசாதமானாலும் வேலை முடிந்த பிறகுதான். பாபுவுக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு மெமோ. புதிய அறிக்கை ஒழுங்காக எழுதிக் கொடுத்ததும் ஏழுமலைக்கு அட்டை.

புதிய அறிக்கை

அன்று மாலையே எழுதினேன். ஒரு வினையடைகூட இல்லாமல் எழுதினேன். 'ஆபரேட்டர் சிக்னலைப் பார்த்து இறக்கினார். சிக்னல்காரரின் இடது கையில் பொட்டலம் இருந்தது. பொட்டலத்தை நான் கொடுத்தேன்.' கல்வெட்டு மாதிரி இருந்தது. பரவாயில்லை என்று ஏழுமலையைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டேன்.

இந்த முறை அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவதாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், மொட்டையா கீது? தெரியாம குட்த்தேன்னு போடு."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஒரு சொல் இருந்தால் மெமோவின் காரம்கூடக் குறையும். ஆனால் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாபு கை சுற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பொட்டலத்தை நீட்டினேன். தெரியாமல் என்று எழுதினால் அது பொய், இனிமேல் நான் பார்க்காத எதையும் எழுதுவதாக இல்லை, பார்த்ததை மறைப்பதாகவும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

ஏழுமலை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். அன்றைக்கு அவர் கிரேன் மேலே இருந்தார். அந்த உயரத்திலிருந்து நான் தாம்பாளத்தோடு சுற்றியதும், வரிசை முனையில் பாபுவிடம் பொட்டலத்தை நீட்டியதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அப்போ சந்தோஷமா குட்த்தேன்னு போடு. அத்த நான் பாத்தேன்" என்றார்.

போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். தாளை எடுத்துக்கொண்டு ஜெபராஜ் சார் அறைக்குப் போனேன். வழக்கம் போல மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை அந்தச் சொல்லின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, இதை யார் பார்த்தது என்று கேட்டார். ஏழுமலை பார்த்தார் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தார்.